பொருளியல் பட்டம் படிக்க உயர்தரத்தில் எந்தப் பாடங்களைத் தெரிவு செய்வது?

சாதாரண தரப் பெறுபேறு கைக்கு வருமுன்பே யாழ்ப்பாணத்தில் உயர்தர ரியூசன் வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. எந்தப் பிரிவில் படிப்பது என்று யோசிக்கக் கிடைப்பது சில வாரங்கள்தான். மருத்துவமோ பொறியியலோ வேண்டும் என்பவருக்கு இதில் குழப்பம் குறைவு. அவற்றுக்கான பாடங்கள் முன்பே வரையறுக்கப்பட்டவை. பொருளியல் படிக்க விரும்புபவரின் நிலை வேறு. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தலை இடைநிறுத்தியதும், எரிபொருள் வரிசைகளும், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் வந்த ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் ஏற்பாடும் பணவீக்கம், நாணய மாற்று வீதம் ஆகிய சொற்களை வீட்டுப் பேச்சாக்கிவிட்டன. ஆனால் அந்தத் துறையில் பட்டம் பெற வழி எது என்று கேட்டால், ‘வர்த்தகப் பிரிவு எடு’ என்பார் ஒருவர்; ‘கலைப்பிரிவில் நல்ல புள்ளி எடுத்துப் போ’ என்பார் இன்னொருவர்; ‘கணிதம் இல்லாமல் பொருளியலா’ என்று தொலைபேசியில் கேட்பார் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மாமா. மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. மூவரும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்வதால்தான் பிள்ளை குழம்புகிறது.

அரச பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கு எது தேவை என்பது ஒரு கேள்வி. நுழைந்தபின் பொருளியலைத் தடுமாறாமல் படித்து, சிறப்புப் பட்டமும் (ஒரே துறையை ஆழமாகப் படிக்கும் பட்டம்) அதற்கு மேற்பட்ட படிப்பும் பெற எது தேவை என்பது இன்னொரு கேள்வி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இவ்விரண்டுக்கும் விடை ஒன்றே: கணிதம். இலங்கையில் அனுமதி முறை இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே இங்கு பாடத் தெரிவு என்பது, புள்ளியை அதிகம் இழக்காமல் எவ்வளவு கணிதத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற கணக்காகவே இருக்கிறது.

பொருளியல் எந்தப் பீடத்தில் இருக்கிறது

பொருளியல் பட்டம் என்று ஒரே பெயரில் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. யாழ்ப்பாணம், கொழும்பு, பேராதனை ஆகிய பல்கலைக்கழகங்களில் பொருளியல் துறை கலைப்பீடத்துக்குள் இருக்கிறது. பேராதனையில் அது புள்ளிவிபரவியலுடன் இணைந்த துறை. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ, வர்த்தக பீடத்துக்குள் வணிகப் பொருளியல் என்ற துறை இயங்குகிறது. எனவே ஒருவர் பொருளியலுக்குக் கலைப்பீடம் வழியாகவும் வரலாம், முகாமைத்துவ பீடம் வழியாகவும் அதற்கு அண்மையில் வரலாம். இரண்டு வழிகளுக்கும் தகுதி விதிகள் வேறு, வெட்டுப்புள்ளி வேறு.

கலைப்பீட வழியில் இன்னொரு கட்டம் உண்டு. அதைப் பலர் அனுமதி கிடைத்த பின்னரே அறிகின்றனர். அங்கு கிடைப்பது பீடத்துக்கான அனுமதி. சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு பொதுவாக முதல் ஆண்டுப் பெறுபேற்றின் அடிப்படையில் துறையால் நடத்தப்படுகிறது. ஆக, உயர்தரப் பரீட்சை ஒரு போட்டி. முதல் ஆண்டு மற்றொரு போட்டி. இரண்டாவது போட்டியில் கணிதமும் புள்ளிவிபரமும் கலந்த பாட அலகுகள் வரும்போது, முதலாவது போட்டியில் வென்றவர்களில் ஒரு பகுதியினர் பின்வாங்கி வேறு துறைக்குச் செல்கின்றனர்.

இசட் புள்ளி எதை அளக்கிறது

2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின் அடிப்படையில் நடைபெறுகிறது. அதற்கு முன் மூல மதிப்பெண்களின் கூட்டுத்தொகை பயன்பட்டது. கடினமான வினாத்தாள் வந்த பாடத்தை எடுத்தவர் அதில் பாதிக்கப்பட்டார். அதைச் சீர்செய்யவே இந்த முறை வந்தது. பழைய தலைமுறையினர் சிலர் இதனை 1970களின் தொடக்கத்தில் மொழிமூல அடிப்படையில் செய்யப்பட்ட தரப்படுத்தலோடு சேர்த்துப் பார்க்கின்றனர். அந்த நினைவு யாழ்ப்பாணத்தில் எளிதில் ஆறாதது. ஆனால் கணிப்பு முறை வேறு. இசட் புள்ளி பரீட்சார்த்தியின் மொழியைப் பார்ப்பதில்லை. அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருக்குள்ளும் அவர் எங்கே நிற்கிறார் என்பதையே பார்க்கிறது.

கணிப்பு எளிது. ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையை (எல்லோரும் பெற்ற புள்ளிகளின் சராசரி) கழித்து, வரும் எண்ணை நியமவிலகலால் (புள்ளிகள் இடையைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவு) வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கிடைக்கும் எண்களின் சராசரியே அவருடைய இசட் புள்ளி. விளக்கத்துக்காகக் கற்பனையான எண்களைக் கொள்வோம்.

1. ஒரு பாடத்தின் இடை 38, நியமவிலகல் 16. அதில் 70 எடுத்தவரின் இசட் புள்ளி 32 ÷ 16, அதாவது 2.0.

2. இன்னொரு பாடத்தின் இடை 58, நியமவிலகல் 11. அதில் 75 எடுத்தவரின் இசட் புள்ளி 17 ÷ 11, அதாவது ஏறத்தாழ 1.55.

75 எடுத்தவர் 70 எடுத்தவருக்குப் பின்னால் நிற்கிறார். ‘இலகுவான பாடம், புள்ளி அள்ளலாம்’ என்று ரியூசன் விளம்பரங்கள் சொல்வதற்கு இந்த இடத்தில் பொருளில்லாமல் போகிறது. எல்லோரும் அள்ளும் புள்ளி எவரையும் முன்னே கொண்டுபோவதில்லை.

ஆனால் இதிலிருந்து ‘எந்தப் பாடம் எடுத்தாலும் ஒன்றுதான்’ என்ற முடிவுக்கு வருவதும் தவறு. இசட் புள்ளி வினாத்தாளின் கடினத்தைச் சமன்செய்கிறது. அந்தப் பாடத்துக்குத் தோற்றுகிறவர்களின் பலத்தைச் சமன்செய்வதில்லை. இணைந்த கணிதத்துக்குத் தோற்றுகிறவர்களில் பெரும்பாலோர் சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் உயர்ந்த சித்தி பெற்று, பொறியியல் பீடத்தைக் குறிவைத்துப் படிப்பவர்கள். வர்த்தகப் பிரிவில் இருந்துகொண்டு மூன்றாவது பாடமாக இணைந்த கணிதத்தை எடுக்கும் மாணவி அந்தக் கூட்டத்துக்குள்தான் அளக்கப்படுவார். மூன்று விதமான விளைவுகளை எடுத்துப் பாருங்கள்; பொருளியலில் 2.0, கணக்கீட்டில் 1.8 என்று வைத்துக்கொள்வோம்.

- மூன்றாவது பாடம் புவியியல், அதில் 1.6 என்றால் சராசரி 1.8.
- மூன்றாவது பாடம் இணைந்த கணிதம், அதில் 0.7 என்றால் சராசரி 1.5.
- அதே இணைந்த கணிதத்தில் 2.2 என்றால் சராசரி 2.0.

மூன்றாவது விளைவும் நடக்கக்கூடியதே. பெரும்பாலோர் குறைந்த புள்ளிகளில் தேங்கி நிற்க, சிலர் மட்டும் மிக உயரத்துக்குப் போகும் பாடமொன்றில், உயரத்துக்குப் போனவரின் இசட் புள்ளி மிகப் பெரிதாகும். ஆகவே இணைந்த கணிதம் இழப்பா இலாபமா என்பது பாடத்தில் தங்கியிருக்கவில்லை. அதை எடுப்பவர் அந்த வகுப்பில் எங்கே நிற்பார் என்பதில் தங்கியிருக்கிறது. இதை உயர்தரம் தொடங்கும் முன்பே ஓரளவு மதிப்பிடலாம். சாதாரண தரக் கணிதத்தில் ஏ எடுத்திருப்பது போதுமான அறிகுறி அல்ல. கடந்தகால வினாத்தாள்களைப் பயிற்சி செய்து பழகினாலே அது கிடைத்துவிடும். அட்சரகணிதத்தில் முன்பு கண்டிராத கணக்கு ஒன்றை எவரும் வழிகாட்டாமல் அரை மணி நேரம் இருந்து முடிக்கும் பொறுமை இருக்கிறதா என்பது அதைவிட நம்பத்தக்க அறிகுறி.

கணிப்பு முறையே சிக்கலுக்குள்ளான சந்தர்ப்பமும் உண்டு. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய, புதிய பாடத்திட்டங்களின்படி இரு வகையினர் தோற்றியபோது இசட் புள்ளி கணித்த விதம் 2012இல் உயர் நீதிமன்றத்தில் செல்லுபடியற்றதாக்கப்பட்டு, மீண்டும் கணிக்கப்பட்டது. பாடத்திட்டம் மாறும் ஆண்டில் தோற்றவிருப்பவர்கள் தங்கள் வினாத்தாள் எந்தப் பாடத்திட்டத்துக்குரியது என்பதைக் கவனிக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

மாவட்டமும் பிற நிபந்தனைகளும்

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைக்கேற்பவும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்கப்படுகின்றன. ஒரே கற்கைநெறிக்கு யாழ்ப்பாணத்தின் வெட்டுப்புள்ளி ஒன்றாகவும் இன்னொரு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி வேறொன்றாகவும் இருப்பது இதனால்தான். ஆகவே கொழும்பிலுள்ள உறவினரின் பிள்ளை எத்தனை புள்ளியில் உள்ளே போனது என்பது யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அளவுகோல் ஆகாது.

இவற்றுடன், மூன்று பாடங்களிலும் குறைந்தது சாதாரண சித்தியும் பொதுச் சாதாரண பரீட்சையில் (Common General Test) குறைந்தது 30 புள்ளியும் வேண்டும். மூன்று பாடங்களும் ஒரே அமர்வில் சித்தியடைந்தவையாக இருக்க வேண்டும். பரீட்சைக்கு மூன்று தடவைகள் வரை தோற்றலாம் என்றாலும் ஓர் ஆண்டின் பொருளியலையும் மறு ஆண்டின் கணக்கீட்டையும் சேர்த்துக் காட்ட முடியாது. முதல் தடவைக்குப் பின் ஒரு பாடத்தை மட்டும் மாற்ற நினைப்பவர் மூன்றையும் மீண்டும் எழுதவேண்டியிருக்கும்.

விரிவுரை மண்டபத்தில் காத்திருக்கும் கணிதம்

உயர்தரப் பொருளியல் நல்ல பாடம். கேள்வி (வாங்க விரும்பும் அளவு), நிரம்பல் (விற்க வரும் அளவு), தேசிய கணக்கீடு, மத்திய வங்கியின் பணி, அரச நிதி, சர்வதேச வர்த்தகம் எனப் பரப்பு அகலமானது. இலங்கைப் பொருளாதாரத்தின் நிறுவனங்களை அறிமுகப்படுத்துவதில் அதற்கு நிகரான வேறு பாடம் பாடசாலையில் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் வரைபடத்தாலும் விளக்கத்தாலும் கற்பிக்கப்படுகிறது. பல்கலைக்கழகப் பொருளியல் அதே விடயங்களைச் சார்புகளாலும் வகையீட்டாலும் (ஒன்று மாறும்போது மற்றது எந்த வீதத்தில் மாறுகிறது என்று காணும் கணிதம்) கற்பிக்கிறது. இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம்.

வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களில் சின்ன வெங்காயம் ஒரே காலத்தில் அறுவடையாகிச் சந்தைக்கு வரும்போது விலை விழுவதும், விளைச்சல் நன்றாக இருந்த போகத்திலேயே விவசாயி கையைச் சுட்டுக்கொள்வதும் இங்கு எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லாத அனுபவம். உயர்தர மாணவர் இதற்கு ‘கேள்வி நெகிழ்ச்சியற்றது, எனவே நிரம்பல் கூடும்போது மொத்த வருமானம் குறைகிறது’ (விலை மாறினாலும் வாங்கும் அளவு அதிகம் மாறாது என்பதே நெகிழ்ச்சியின்மை) என்று எழுதி, செங்குத்தான கேள்வி வளையி ஒன்றை வரைந்து முழுப் புள்ளியும் பெறலாம். பல்கலைக்கழக வினா இதற்கு அப்பால் தொடங்கும்: எந்த அளவு விளைச்சல் வரை வருமானம் கூடும், எங்கிருந்து குறையத் தொடங்கும்?

கேள்வி அளவு = 100 − 2 × விலை என்று கொள்வோம். வருமானம் என்பது விலையை அளவால் பெருக்குவது. அதாவது 100 × விலை − 2 × விலை வர்க்கம். இதை விலை குறித்து வகையிட்டால் 100 − 4 × விலை. அது பூச்சியமாகும் இடம் விலை 25. அப்போது அளவு 50, வருமானம் 1,250. விளைச்சல் 80 அலகாகப் பெருகினால் விலை 10க்கு இறங்கி வருமானம் 800 ஆகும். 90 அலகானால் விலை 5, வருமானம் 450. விலை 10 இருக்கும் இடத்தில் நெகிழ்ச்சி −0.25, விலை 40 இருக்கும் இடத்தில் அதே நேர்கோட்டில் −4. ஒரே கேள்விக் கோட்டில் ஒவ்வொரு புள்ளியிலும் நெகிழ்ச்சி மாறுகிறது என்பது வரைபடத்தைப் பார்த்து மனனம் செய்தவருக்கு ஒரு தகவல். வகையீடு தெரிந்தவருக்கு அது இரண்டு வரியில் தானே வந்துவிழும் விடை.

அடுத்த ஆண்டில் வினா இன்னும் கடினமாகும். அந்த 100, 2 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையின் விலைகளையும் விற்பனை அளவுகளையும் பல மாதங்களுக்குத் திரட்டி ஒரு பிற்செலவுக் கோடு (தரவுப் புள்ளிகளுக்கு மிகப் பொருந்தும் கோடு) போட்டால் கேள்விச் சார்பு கிடைத்துவிடுமா? கிடைக்காது. சந்தையில் விலையும் அளவும் கேள்வியாலும் நிரம்பலாலும் ஒரே வேளையில் தீர்மானிக்கப்படுகின்றன. இரண்டும் அசையும்போது கிடைக்கும் புள்ளிகள் கேள்விக் கோட்டிலும் கிடையாது, நிரம்பல் கோட்டிலும் கிடையாது. மழையால் விளைச்சல் மட்டும் பாதிக்கப்பட்ட காலங்களைப் பிரித்தெடுத்தால் கேள்விக் கோட்டை நெருங்கலாம். பொருளியல் அளவையியல் (Econometrics; தரவைக் கொண்டு பொருளியல் தொடர்புகளை அளவிடுவது) என்ற பாடத்தின் மையச் சிக்கல்களில் ஒன்று இது. இதைக் கையாள நிகழ்தகவும் புள்ளிவிபர அனுமானமும் தாயங்களும் தேவை.

இந்தத் தேவைகளை உயர்தர இணைந்த கணிதப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டால் ஒரு விடயம் தெளிவாகும். சார்புகள், எல்லை, வகையீடு, தொகையீடு, தாயங்கள், நிகழ்தகவு ஆகிய பகுதிகள் நேரடியாகப் பயன்படும். பிரயோக கணிதத்தில் வரும் நிலையியலும் இயக்கவியலும் பொருளியலுக்கு நேரடிப் பயனற்றவை. கப்பிகளும் எறிபொருள்களும் கேள்விக் கோட்டில் வருவதில்லை. அவற்றுக்கும் சேர்த்து இரண்டு ஆண்டு உழைக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பாடத்தின் விலை.

நடைமுறையில் உள்ள சேர்க்கைகள்

வர்த்தகப் பிரிவினருக்குரிய பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்குத் தகுதிபெற பொருளியல், கணக்கீடு, வணிகக் கல்வி ஆகிய மூன்றையும் எடுக்கலாம். அல்லது அவற்றில் இரண்டை எடுத்து, அனுமதிக்கப்பட்ட பட்டியலிலிருந்து மூன்றாவது பாடத்தைச் சேர்க்கலாம். இந்த இரண்டாவது வழியைப் பற்றிப் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பட்டியலில் இணைந்த கணிதம், வணிகப் புள்ளிவிபரவியல், புவியியல், அரசியல் விஞ்ஞானம், அளவையியலும் (Logic) விஞ்ஞான முறையும் முதலியன உள்ளன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலே இதற்கான முடிவான ஆதாரம்.

1. பொருளியல், கணக்கீடு, இணைந்த கணிதம். பொருளியல் பட்டத்தை உறுதியாகக் குறிவைப்பவருக்கு, கணிதத்தில் உண்மையான பலம் இருந்தால், இதைவிடச் சிறந்த சேர்க்கை இல்லை என்பதே இக்கட்டுரையின் கணிப்பு. பலம் நடுத்தரமாக இருந்தால் இதுவே மிக ஆபத்தான சேர்க்கையும் ஆகும்.

2. பொருளியல், கணக்கீடு, வணிகப் புள்ளிவிபரவியல். இணைந்த கணிதத்தின் சுமையை ஏற்க முடியாதவருக்குப் பொருத்தமான நடுவழி. நிகழ்தகவு, பரம்பல்கள், மாதிரியெடுப்பு, பிற்செலவு ஆகியவற்றோடு முன்கூட்டியே பழக்கம் ஏற்படும். வகையீட்டைத் தனியாகப் படிக்கவேண்டியிருக்கும். எல்லாப் பாடசாலைகளிலும் இதற்கு ஆசிரியர் இல்லை என்பது பெரிய தடை.

3. பொருளியல், கணக்கீடு, வணிகக் கல்வி. பழகிய பாதை; ஆசிரியரும் உண்டு, குறிப்பும் உண்டு, வினாத்தாள் வகுப்பும் உண்டு. முகாமைத்துவ பீடமே இலக்கு என்றால் இதில் குறை சொல்ல எதுவுமில்லை. பொருளியலே இலக்கு என்றால், வணிகக் கல்வியில் செலவிடும் நேரம் பிற்காலத்தில் திரும்பி வருவது குறைவு.

4. பொருளியலுடன் கலைப்பிரிவுப் பாடங்கள் இரண்டு. கலைப்பீடத்துக்கு நேரான வழி. கலைப்பிரிவுப் பாடங்கள் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் விரும்பிய மூன்றை விரும்பியபடி சேர்க்க முடியாது. புவியியல் வரைபடம், தரவு, களஆய்வு ஆகியவற்றோடு பழக்குகிறது. அளவையியல் வாதத்தின் அமைப்பைக் கற்பிக்கிறது. அரசியல் விஞ்ஞானம் அரச கொள்கையை விளங்க உதவுகிறது. மூன்றில் ஒன்றும் வகையீட்டைக் கற்பிக்காது. இவ்வழியில் வருபவருக்கு முதல் ஆண்டு கடினமாக இருக்கும் என்பதை மறைப்பதில் பயனில்லை.

5. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பொருளியலுக்காக இந்தப் பிரிவை எவரும் எடுப்பதில்லை. ஆனால் இதை எடுத்தவர் பின்னர் பொருளியலுக்கு வரலாம். விஞ்ஞான பீடத்தில் கணிதமும் புள்ளிவிபரவியலும் படித்து முடித்தபின் முதுமாணிப் படிப்பில் பொருளியலுக்கு மாறுவது உலகெங்கும் வழக்கமானதே. முதுமாணி, கலாநிதிப் படிப்புகளுக்கு மாணவரைத் தெரிவு செய்வோர் பொருளியல் பாடங்களில் எடுத்த புள்ளிக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ கணிதப் பாடங்களின் புள்ளியைப் பார்க்கின்றனர்.

பாடசாலை எதைத் தருகிறது

மேலே சொன்ன முதல் சேர்க்கையைத் தாளில் எழுதுவது சுலபம். நேரசூசியில் பொருத்துவது கடினம். பாடசாலைகளில் பிரிவுகள் சமாந்தரமாக நடப்பதால், கணிதப் பிரிவுக்கு இணைந்த கணிதம் நடக்கும் அதே பாடவேளையில் வர்த்தகப் பிரிவுக்குப் பொருளியல் நடப்பது வழமை. தவிர, 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டுமே உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ளன. 1சி வகைப் பாடசாலைகளில் பெரும்பாலும் கலையும் வர்த்தகமும்தான். தீவகத்திலோ வடமராட்சி கிழக்கிலோ 1சி பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு, இணைந்த கணிதம் என்பது பாடசாலை மாறுவதையோ பஸ் ஏறி நகரத்து ரியூசனுக்குப் போய்வருவதையோ குறிக்கும்.

எனவே அனுமதிப் படிவம் நிரப்பும் முன் அதிபரிடமோ பகுதித் தலைவரிடமோ சில கேள்விகளை நேரடியாகக் கேட்பது அவசியம். இணைந்த கணிதத்தை வர்த்தக மாணவர் ஒருவர் முன்பு எடுத்திருக்கிறாரா? பாடவேளை மோதினால் எந்தப் பாடத்தின் வகுப்பை இழக்க நேரும்? முதல் தவணைக்குப் பின் மூன்றாவது பாடத்தை மாற்ற அனுமதி உண்டா? கடைசிக் கேள்வியே முக்கியமானது. இணைந்த கணிதத்தில் தொடங்கிப் புவியியலுக்கு மாறுவது முதல் தவணையில் சாத்தியம். மறுபக்கமாக மாறுவது நடைமுறையில் முடியாத காரியம். இருமனமாக இருப்பவர் கடினமான பாடத்தில் தொடங்குவதற்கு இது போதுமான காரணம்.

வெளிநாட்டு விண்ணப்பங்களில் நிலை

இலங்கை உயர்தரத்தோடோ, லண்டன் ஏ லெவலோடோ வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க நினைப்பவருக்கு விதிகள் ஒளிவுமறைவற்றவை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொருளியலுக்கும், ஒக்ஸ்போர்டின் பொருளியலும் முகாமைத்துவமும் என்ற கற்கைநெறிக்கும், லண்டன் ஸ்கூல் ஒஃப் இகொனமிக்ஸின் பொருளியல் பட்டத்துக்கும் ஏ லெவல் கணிதம் கட்டாயம். இவற்றில் எதுவும் ஏ லெவல் பொருளியலைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. உயர் கணிதம் (Further Mathematics) எடுத்திருந்தால் விண்ணப்பம் பலம் பெறும். கேம்பிரிட்ஜும் லண்டன் ஸ்கூல் ஒஃப் இகொனமிக்ஸும் இப்போது ரி.எம்.யு.ஏ. என்ற கணித நுழைவுத் தேர்வையும் கேட்கின்றன: 75 நிமிடங்கள் கொண்ட இரண்டு வினாத்தாள்கள், ஒவ்வொன்றிலும் 20 பல்தேர்வு வினாக்கள், கணிகருவி இல்லை. இத்தேர்வில் பொருளியல் ஒரு வரியும் இல்லை.

ஆகவே லண்டன் ஏ லெவலில் பொருளியல், கணக்கீடு, வணிகம் என்ற மூன்றையும் சேர்த்து எடுத்துவிட்டு இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பது, முதல் வடிகட்டலிலேயே நின்றுபோகும் விண்ணப்பம். ‘வர்த்தகம் சார்ந்த பாடங்கள் மூன்று இருந்தால் விண்ணப்பம் பொருத்தமாகத் தெரியும்’ என்ற எண்ணம் இங்கு பரவலாக உள்ளது. தெரிவாளர்கள் பார்ப்பது அதற்கு நேர்மாறாக. கணிதம், உயர் கணிதம் ஆகியவற்றோடு பொருளியல் அல்லது வரலாறு போன்ற கட்டுரை எழுதும் பாடம் ஒன்று என்பதே அவர்களுக்குப் பழக்கமான வடிவம். இலங்கை உயர்தரத்தைச் சில பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் நேரடியாக ஏற்கின்றன. சில அடித்தள ஆண்டு ஒன்றைக் கேட்கின்றன.

கடல் கடக்காமல் இருக்கும் வழியும் உண்டு. லண்டன் பல்கலைக்கழகம் லண்டன் ஸ்கூல் ஒஃப் இகொனமிக்ஸின் கல்வி வழிகாட்டலில் வழங்கும் தூரக் கல்விப் பொருளியல் பட்டத்தை இலங்கையில் இருந்தே படிக்கலாம். இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் சிறப்புப் பட்டத்துக்கு அந்நாட்டு மாணவர்கள் கணிதம் படித்திருப்பது நிபந்தனை. எந்தத் திசையில் விசாரித்தாலும் மாமா சொன்னதே திரும்ப வருகிறது.

ஏற்கனவே பாடம் எடுத்துவிட்டவர்கள்

இதை வாசிப்பவர்களில் பலர் 13ஆம் தரத்தில் கலையிலோ வர்த்தகத்திலோ பாதி வழி வந்திருப்பார்கள். அவர்கள் பிரிவு மாறுவதால் இழப்பதே அதிகம். கையிலுள்ள மூன்று பாடங்களில் இசட் புள்ளியை உயர்த்துவதே அவர்களுக்கு இப்போதுள்ள வேலை. விருப்பத் தெரிவுகளை நிரப்பும்போது உண்மையாக விரும்பும் கற்கைநெறியை முதலில் எழுத வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடுத்தது பரிசீலிக்கப்படும் என்பதால், ‘கிடைக்காது’ என்று அஞ்சி விருப்பமானதைக் கீழே தள்ளுவதில் எந்த நன்மையும் இல்லை.

கணித இடைவெளியை நிரப்ப அவர்களுக்கு ஒரு காலம் கிடைக்கிறது: உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நீண்ட காத்திருப்பு. வழமையாக அது ஆங்கில வகுப்பிலும் கணினி வகுப்பிலும் கழிகிறது, இரண்டும் தேவையானவையே. அவற்றோடு இணைந்த கணிதப் பாடப் புத்தகத்தின் தூய கணிதப் பகுதியில் சார்புகள், எல்லை, வகையீடு, அதன் பிரயோகங்கள் என்ற வரிசையில் போகலாம், பின்னர் இரண்டு மாறிகள் கொண்ட சமன்பாட்டுத் தொகுதிகளும் தாயங்களும், கடைசியாக நிகழ்தகவு. நிலையியல், இயக்கவியல் அத்தியாயங்களைத் திறக்கவே வேண்டாம். பரீட்சை இல்லாமல், போட்டி இல்லாமல் படிப்பதால் இணைந்த கணித மாணவர் இரண்டு ஆண்டில் முடிப்பதில் பொருளியலுக்கு வேண்டிய பாதியை, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், அந்தக் காத்திருப்புக்குள் முடித்துக்கொள்ளலாம்.